கிராஃபீன் பெருமளவு உற்பத்தி: கேள்வி பதில்

கேள்வி: ஒட்டும் நாடாவாலேயே கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்களாமே, தொழிற்சாலைகள் ஏன் அதைப் பின்பற்றவில்லை?

பதில்: பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் கார்பன் அடுக்குகளால் ஆனது; ஓரணுத் தடிமனுள்ள அதன் ஒற்றை அடுக்கே கிராஃபீன். 2004இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அப்படித்தான் பிரித்தார்கள், 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அம்முறையில் கிடைப்பவை நுண்ணோக்கியில் தேடிக் கண்டெடுக்க வேண்டிய சில்லுகள். ஆய்வுக்கு அவை பொன், உற்பத்திக்கு உதவா.

கேள்வி: பெருமளவில் செய்ய எந்த முறை சிறந்தது?

பதில்: உங்கள் தேவை கிலோ கணக்கிலா, சதுர மீட்டர் கணக்கிலா என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். பிளாஸ்டிக்கிலும் வண்ணப்பூச்சிலும் கலப்பதற்குத் துகள் போதும். அதைக் கிராஃபைட்டை உரித்தே பெறலாம். 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜோனத்தன் கோல்மனின் குழு, கிராஃபைட்டைத் திரவத்தில் இட்டு வேகமாகச் சுழலும் கலக்கியால் அடுக்கடுக்காகப் பிரிக்க முடியும் என்று காட்டியது. சமையலறை மிக்சியிலும் அதைச் செய்து பார்த்தார்கள். மின்னணுக் கருவிகளுக்கோ இடைவெளியற்ற ஓரடுக்குப் படலம் வேண்டும். அதை உரித்துப் பெற இயலாது, வளர்த்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: வளர்ப்பதற்குச் செம்பையே தேர்ந்தெடுப்பது ஏன்?

பதில்: சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செம்புத் தகட்டின் மீது மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால், மீத்தேன் சிதைந்து, அதிலுள்ள கார்பன் தகட்டின் பரப்பில் அறுகோண வலையாக இணைகிறது. செம்பில் கார்பன் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆகவே பரப்பை ஓரடுக்கு மூடியதும் மீத்தேனைச் சிதைக்க வெற்றுச் செம்பு மிஞ்சாமல், வளர்ச்சி பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிறது. நிக்கல் கார்பனை உள்வாங்கிக்கொண்டு, குளிரும்போது வெளியே தள்ளுவதால், அடுக்குகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும் என்பதால் உலையை இயக்குபவருக்குக் கிடைக்கும் இடைவெளி குறைவு.

உண்மையான தலைவலி அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஓரணுத் தடிமனே உள்ள படலத்தைச் செம்பிலிருந்து வேறொரு பரப்புக்கு மாற்ற, அதன் மேல் தாங்கலாகப் பாலிமரை (பிளாஸ்டிக் வகைப் பொருளை) பூசிச் செம்பை வேதிக் கரைசல்களில் அரித்தெடுப்பது வழக்கம். அப்போது கிழிசலும் சுருக்கமும் பாலிமர் எச்சமும் நேர்கின்றன. 2010இல் கொரிய ஆய்வாளர்கள் உருளைகளுக்கிடையே செலுத்தி 30 அங்குலப் படலத்தை மாற்றிக் காட்டினார்கள். என் கணிப்பில், படல உற்பத்தியின் செலவையும் தரத்தையும் முடிவு செய்வது உலையைவிட இந்தக் கட்டமே.

கேள்வி: கிராஃபீன் ஆக்சைடு வழியாகச் செய்வது மலிவல்லவா?

பதில்: மலிவுதான். இதில் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி அடுக்குகளாகப் பிரித்து, பிறகு ஆக்சிஜனை நீக்குகிறார்கள். ஆனால் நீக்கிய பிறகும் வலையில் ஓட்டைகள் எஞ்சுவதால் மின்கடத்தல் குறைகிறது. ஆக்சிஜனேற்றப் பயன்படும் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேரும்போது வெடிக்கக்கூடிய மாங்கனீசு ஆக்சைடு உருவாகலாம் என்பதால், வெப்பக் கட்டுப்பாடின்றி இதில் இறங்கவே கூடாது.

கேள்வி: வாங்கிய கருந்தூள் கிராஃபீன்தானா என்று எப்படி அறிவது?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 60 நிறுவனங்களின் தூள்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது; எஞ்சியது பெரும்பாலும் நுண்ணிய கிராஃபைட். ராமன் நிறமாலையோடு (லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு பொருளை அடையாளம் காட்டும் சோதனை முடிவு) அடுக்கு எண்ணிக்கைப் பரவலையும், அதாவது எத்தனை அடுக்குள்ள சில்லுகள் எவ்வளவு உள்ளன என்பதையும், விற்பவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு சில்லின் அழகான படத்தை மட்டும் காட்டினால் அதை ஏற்க வேண்டாம். உலர்ந்த தூளில் அடுக்குகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், உங்கள் பயன்பாடு அனுமதித்தால் திரவத்தில் கலந்த நிலையிலேயே வாங்குங்கள்.