சைக்கிளின் முன்பக்கத்தில் எதை, எவ்வளவு, எப்படிக் கட்டுவது?

பெங்களூருவிலிருந்து இரண்டு மூன்று நாள் சைக்கிள் பயணம் கிளம்புகிற தமிழ் நண்பர்கள் முன்பக்கச் சுமையைப் பற்றிக் கேட்டவையும் அதற்கான பதில்களும்.

கேள்வி: அக்கா, நாலு பேரா தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போறோம். ஹேண்டில்பார்ல எத்தனை கிலோ கட்டலாம்? — அல்சூர்

பதில்: பையோடு சேர்த்து 3 கிலோவில் நிறுத்துங்கள். எந்தக் காரணத்துக்காகவும் 4 கிலோவைத் தாண்ட வேண்டாம். பார் 10 கிலோவையும் தாங்கும், அது பிரச்சினையில்லை. ஹேண்டில்பார் மூட்டை உயரத்தில், சக்கரம் திரும்புகிற அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. ஹேண்டில் கொஞ்சம் திரும்பினாலும் எடை அதே பக்கம் சாயப் பார்க்கும். மேட்டில் மெதுவாக ஏறும்போது சக்கரம் இப்படியும் அப்படியும் அலைவது இதனால்தான்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல் போவதற்குள் அதில் பெரும்பகுதியை இறங்கிவிடுவீர்கள். இறக்கத்தில், வளைவில், பிரேக் பிடித்தபடி திரும்பும்போது முன்பக்கம் உங்கள் சொல்லைக் கேட்க வேண்டும். அதனால் முன்னால் போக வேண்டியது இடத்தை அடைக்கிற, ஆனால் எடையில்லாத சாமான்தான். தூக்கப் பை 800 கிராம், காற்றடிக்கிற மெத்தை 450, கூடாரத் துணி 900, பை 350 என்று வைத்தால் மொத்தம் இரண்டரை கிலோ. தண்ணீர், டூல்ஸ், அடுப்பு, பூட்டு எல்லாம் பிரேமின் நடுவிலுள்ள முக்கோணப் பைக்குள், முடிந்தவரை கீழே.

கேள்வி: கூடாரக் கம்பி 45 செ.மீ. நீளம், எனக்கு டிராப் பார். உள்ளே நுழையவே மாட்டேங்குது. — ஒயிட்ஃபீல்டு

பதில்: நுழையாது. 42 செ.மீ. டிராப் பாரில் (இரண்டு முனையும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்) லீவர்களின் பருமன் போனால் உள்ளே 35 செ.மீ. மிஞ்சும். ஷிமானோ நிறுவனத்தின் கேபிள் லீவரில் கியர் மாற்றும்போது பிரேக் லீவரே உள்பக்கமாகத் திரும்பும். அதற்கும் இடம் விட்டால் மூட்டையின் நீளம் 30 செ.மீ.தான். கம்பிகளைத் தனியாக ஒரு துணி உறையில் போட்டு பிரேமின் மேல் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். ஃபிளாட் பார் (நேரான ஹேண்டில்) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ரெடிமேட் பை விலை கட்டுப்படியாகலை. நானே கட்டிக்க வழி சொல்லுங்க. — ஸ்ரீராமபுரம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். வேண்டியவை: வாயைச் சுருட்டி மூடும் 10 லிட்டர் நீர்புகாப் பை ஒன்று, 25 மி.மீ. அகல நைலான் பட்டை மூன்று (ஒவ்வொன்றும் ஒன்றே கால் மீட்டர், பல் வைத்து இறுக்கும் உலோக பக்கிளோடு), ஒரு பழைய டியூப், ஒரு பழைய ரப்பர் செருப்பு.

செருப்பை வெட்டி 3 செ.மீ. தடிமன் வருகிற மாதிரி அடுக்கி ஒட்டி இரண்டு கட்டைகள் செய்யுங்கள். ஸ்டெம்முக்கு (பாரை நடுவில் பிடித்திருக்கும் துண்டு) இரண்டு பக்கமும் பாரில் டியூப் துண்டைச் சுற்றிவிட்டு, கட்டைகளை பாருக்கும் மூட்டைக்கும் நடுவில் வையுங்கள். கேபிள்கள் நசுங்காமல் இருக்கத் தேவையான இடைவெளி இந்தக் கட்டையால்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு பட்டைகளை பாரையும் மூட்டையையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றி இறுக்குங்கள்.

மூன்றாவது பட்டையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஹம்ப்பிலும் மூட்டை கீழே ஊசலாடி, மேலே இருக்கும் இரண்டு பட்டைகளையும் தளர்த்திவிடும். அதை ஹெட் டியூபில் (பிரேமின் முன்முனையில் நிற்கும் குட்டைக் குழாய்) கட்டாதீர்கள், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) தலைப்பகுதியில் கட்டுங்கள். ஹெட் டியூப் திரும்பாது. ஃபோர்க் தலை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். ஹெட் டியூபில் கட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டை முறுக்கி இழுக்கும், பெயின்டும் போகும்.

பைக் கேரியரில் போடுகிற எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். துள்ளலில் அது நீளும், மூட்டை சக்கரத்தைத் தொடும்.

பட்டைகளின் மிச்ச நுனியை மடித்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தொங்குகிற ஒரு நுனி ஸ்போக்கிலோ டிஸ்க்கிலோ சிக்கினால் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் ஹேண்டிலுக்கு மேலாகப் பறப்பீர்கள். முன்பக்கச் சுமையில் உயிருக்கே ஆபத்தான இடம் இது. கிளம்பும் முன் நுனிகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: டயருக்கும் மூட்டைக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்? — கே.ஆர். புரம்

பதில்: சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கில் 4 செ.மீ. போதும். சஸ்பென்ஷன் இருந்தால் அளவை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். மூட்டையைக் கட்டிய பிறகு ஏர் ஃபோர்க்கின் காற்றை முழுக்க இறக்கி, ஹேண்டிலை அடிவரை அழுத்துங்கள். அந்த நிலையிலும் 2 செ.மீ. மிஞ்ச வேண்டும். காயில் (ஸ்பிரிங்) ஃபோர்க் என்றால் அதன் டிராவலை, அதாவது அது எவ்வளவு அமுங்கும் என்பதை, தெரிந்துகொண்டு, அதோடு 2 செ.மீ. கூட்டி இடம் விடுங்கள். 100 மி.மீ. டிராவல் ஃபோர்க்குள்ள சின்ன சைஸ் பிரேமில் பருத்த மூட்டைக்கு இடமே இருக்காது. மெல்லிய மூட்டையாகச் சுருட்டுங்கள்.

கேள்வி: மூட்டை கட்டினதுல இருந்து கியர் தானா மாறுது. கடையில ட்யூன் பண்ணியும் சரியாகலை. — பொம்மனஹள்ளி

பதில்: டிரெய்லியரை (சங்கிலியைக் கியர் மாற்றும் கருவி) விடுங்கள், கேபிளைப் பாருங்கள். பின்சக்கரத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, நீங்கள் பெடலைச் சுற்றிக்கொண்டே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது மட்டும் கியர் தாவினால், மூட்டை கேபிளின் உறையை மடக்குகிறது என்று பொருள். கேபிள் மூட்டைக்கு மேலே பெரிய வளைவாகப் போகட்டும், அல்லது கட்டையின் தடிமனைக் கூட்டுங்கள். பழைய ஷிமானோ லீவர்களில் கியர் கேபிள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த சைக்கிளில் பெரிய ஹேண்டில்பார் மூட்டையைத் தவிர்ப்பது நல்லது. ஹைட்ராலிக் பிரேக் ஹோஸ் ஒரு முறை மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஃபோர்க் காலில் சாமான் வைக்கிற கூண்டு மாட்டலாமா? துளை இருக்கிறது, மூன்று வரிசையாக. — ஜெயநகர்

பதில்: மூன்று துளை இருந்தால் அதைத்தான் முதலில் பயன்படுத்தச் சொல்வேன். துளைகளுக்கு இடையே 64 மி.மீ., எம்5 போல்ட், 4 மி.மீ. ஆலன் கீ. எடை கீழேயும் ஹேண்டில் திரும்புகிற அச்சுக்குப் பக்கத்திலும் இருப்பதால், ஹேண்டில்பாரில் 2 கிலோ செய்கிற தொந்தரவை இங்கே 2 கிலோ செய்யாது. ஒரு காலுக்கு 3 கிலோ வரை தாங்குவதாகப் பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். உங்கள் ஃபோர்க்குக்குச் சொல்லப்பட்ட எண்ணே இறுதி, அதிலும் கார்பன் ஃபோர்க் என்றால் வாதத்துக்கே இடமில்லை.

இரண்டு கால்களின் எடை வித்தியாசம் 200 கிராமுக்குள் இருக்கட்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். போல்ட்டில் நீல நிற திரெட் லாக் (கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். இடது காலில் டிஸ்க் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) ஹோஸும் இருக்கும், பட்டை அந்தப் பக்கம் போகவே கூடாது.

தண்ணீர் பாட்டில் வைத்தால் வாய்க்கு மூடி போட்ட பாட்டிலாக இருக்கட்டும். சாலையில் இருக்கும் சேறும் சாணியும் முதலில் தெறிப்பது அங்கேதான்.

கேள்வி: என் ஃபோர்க்குல துளையே இல்லையே, சஸ்பென்ஷன் வேற. ஹோஸ் கிளிப் போடலாமா? — பொம்மனஹள்ளிக்காரரே மறுபடியும்

பதில்: கீழ்க் காலில் மட்டும். மேலே பளபளவென்று ஏறி இறங்கும் குழாயில் எதையும் கட்டக் கூடாது, சீல் கிழிந்துவிடும். எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் ஸ்டெயின்லெஸ் கிளிப் கிடைக்கும். அடியில் டியூபை இரண்டு சுற்று சுற்றி அதன் மேல் மாட்டுங்கள். கீழ்க் காலின் சுவர் மெல்லியது. கிளிப்பை ஸ்பேனரால் நெரித்தால் உள்ளே இருக்கும் புஷ் (குழாய் வழுக்கி ஓடும் வளையம்) இறுகி ஃபோர்க் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் 1 கிலோ போதும். சில நிறுவனங்கள் இப்படிக் கட்டினால் வாரண்டி தருவதில்லை, முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு 61 வயது. சாதாரண ஸ்டீல் ஃபோர்க் சைக்கிள். தெருக்கடையில் விற்கும் முன்கூடை போதாதா? — பிரேசர் டவுன்

பதில்: வணக்கம் ஐயா. போதும், ஒரு நிபந்தனையோடு. கூடையிலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி சக்கரத்தின் அச்சு நட்டில் மாட்டுகிற வகையாகப் பாருங்கள். எடை ஃபோர்க்குக்குப் போகும், ஹேண்டிலுக்குப் போகாது. ஹேண்டிலில் கொக்கியால் தொங்குகிற கூடை வேண்டாம். அச்சு நட் உள்ள சைக்கிளில்தான் இது பொருந்தும், குவிக் ரிலீஸ் (நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும்) அச்சில் பொருந்தாது. சாமானைக் கூடைக்குள் சும்மா போடாமல், பையில் கட்டி கூடையோடு இறுக்கிவிடுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் ஹேண்டில் தானாக நடுங்க ஆரம்பித்தால்? — ஒயிட்ஃபீல்டு

பதில்: ஒரு முழங்காலை மேல் குழாயோடு அழுத்துங்கள், எடையைப் பெடலில் இறக்குங்கள், பிடியை லேசாக்கி, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடியுங்கள். ஹேண்டிலை முரட்டுத்தனமாக நெரித்தால் நடுக்கம் கூடும்.

நின்ற பிறகு காரணத்தைத் தேடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) டக் டக் என்று அசைவு தெரிகிறதா? மூன்றாவது பட்டை தளர்ந்ததா? இடம், வலம் எடை சமமா? முன் டயரில் காற்று குறைவா? சுமை ஏற்றினால் முன் டயருக்கு வழக்கத்தைவிட 3 முதல் 5 பிஎஸ்ஐ கூடுதல் தேவை, டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்குள்.

கேள்வி: விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவோம். மூட்டை லைட்டை மறைக்குதே? — அல்சூர்

பதில்: ஃபோர்க் தலையில் உள்ள துளையில் லைட்டை மாட்டுங்கள். வெளிச்சம் தாழ்வாக வருவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு, முன்கூட்டியே தெரியும். துளை இல்லாவிட்டால் பாரிலிருந்து முன்னுக்கு நீளும் சின்ன நீட்டிப்புக் கம்பி.

கேள்வி: கட்டினது சரியா இல்லையான்னு வீட்லயே எப்படித் தெரிஞ்சுக்கிறது? — ஸ்ரீராமபுரம்

பதில்: முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே விடுங்கள். டொப் என்று ஒரே சத்தம் வந்தால் நல்லது, கடகடவென்றால் ஏதோ ஆடுகிறது. பட்டை பக்கிளுக்குள் நுழைகிற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, முழுச் சுமையோடு 10 கி.மீ. ஓட்டுங்கள். ஹம்ப்ஸ் நிறைந்த தெருவாகவே பார்த்துப் போங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்து கோடு நகர்ந்திருந்தால் அந்த பக்கிளை மாற்றுங்கள். நனைந்த பட்டை இன்னும் எளிதில் வழுக்கும், ஆகவே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை. பையின் வாயை மூன்று சுற்றுக்குக் குறையாமல் சுருட்டியிருக்கிறீர்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.