மோட்டாரை மாற்றுவதற்கு முன் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்

கேள்வி: என் கார் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டுநர் பக்கக் கதவின் கண்ணாடி சில நாட்களாக நினைத்தால் ஏறுகிறது, நினைத்தால் நின்றுவிடுகிறது. கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினால் மறுபடி வேலை செய்கிறது. மற்ற மூன்று கண்ணாடிகளிலும் குறையில்லை. மோட்டாரையும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், 7,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கதவைச் சாத்தினால் வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய தடயம். மற்ற கண்ணாடிகள் இயங்குவதால் பொதுவான ஃபியூஸ் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் சில கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் தனி ஃபியூஸ் இருப்பதால், அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மீதமிருப்பவை சுவிட்ச், வயர், மோட்டார், ரெகுலேட்டர் ஆகிய நான்குதான்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கண்ணாடி நின்றுபோன வேளையில், இரவில், காரின் உள்விளக்கை எரியவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டாரோ ரெகுலேட்டரோ இறுகி நிற்கிறது என்று பொருள். விளக்கு சற்றும் மங்காவிட்டால் வழியில் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடர்பு விட்டிருக்கிறது. சுவிட்சைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பல மோட்டார்களில் சூடேறினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு, அது சோதனையையே குழப்பிவிடும்.

அடுத்ததாகக் கதவைத் திறந்து, கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே கீல் அருகே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் செல்கின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அவை அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. நான்கு கதவுகளில் அதிகம் திறக்கப்படுவது ஓட்டுநர் கதவு என்பதால், வயர் முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் அந்தக் குழாயை மெல்ல வளைக்கட்டும். கண்ணாடி அசைந்தால் கோளாறு அகப்பட்டுவிட்டது. பின்பு குழாயின் ஒரு முனையைக் கழற்றி, ஒவ்வொரு வயரையும் விரல்களால் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். செம்பு அறுந்த வயரின் மேலுறை அந்த இடத்தில் மட்டும் ரப்பர் பட்டைபோல் நீளும். மேலுறை கிழியாமல் முழுதாகத் தெரிவதால்தான், கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் வயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

குழாயில் எதுவும் தெரியாவிட்டால் டோர் பேடை (கதவின் உட்பக்க உறையை) கழற்றி, மோட்டாரின் கப்ளரில் (வயர் வந்து சேரும் பிளக்கில்) மின்சாரம் வருகிறதா என்று உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. வயருக்குள் இருக்கும் இருபது செம்பு இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அந்த ஓர் இழை தாங்காது. பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பைக் கப்ளரின் இரு முனைகளுக்கும் இடையே இணைத்து, சுவிட்சை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். இரு பக்கமும் பல்பு பளிச்சென்று எரிந்து, மோட்டார் மட்டும் சுற்றாவிட்டால் மோட்டாரை மாற்றுவது நியாயம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் முதல் சந்தேகம் சுவிட்சின் மேல்தான்.

வயர்தான் அறுந்திருக்கிறது என்றால், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பழுதான பகுதியை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள பல இழை வயரைச் சேர்க்க வேண்டும். இரு இணைப்புகளும் ரப்பர் குழாய்க்கு வெளியே அமைய வேண்டும், ஏனெனில் சாலிடர் (ஈயப் பற்று) வைத்த இடம் விறைத்துவிடுவதால், மடியும் இடத்தில் இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள், மழைநீர் பட்டுப் பச்சை பூத்து அடுத்த ஆண்டே அதே தொல்லை வரும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை.

கேள்வி: இதே கோளாறுக்கு மோட்டாரை மாற்றினேன். பத்தே நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பொறுப்பேற்க மறுக்கிறார், பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் பழைய மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியில் நேரடியாக இணைத்தால் அது இரு திசையிலும் சுற்றுகிறதா என்று வேறொரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்து, உண்மையான கோளாறு எது என்பதை அவரிடம் எழுதி வாங்குங்கள். கதவுக்குள் பாரம் இழுக்காமல் வெறுமனே சுற்றுவது மட்டும் முழுச் சான்று ஆகாது, எழுத்தோடு சேர்ந்தால் வலுவுண்டு. செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதே 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். பில் இல்லையென்று சோர்ந்துவிடாமல், பணம் செலுத்திய யுபிஐ பதிவையும் கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்துக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் கேளுங்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை.