சூட்டில் உருளும் நீர்த்துளி: கேள்வி பதில்

வெப்பவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், அடுப்படிக் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்துவிட்டன. வந்தவற்றில் சில.

யீஷூன் அக்கா ஒருவர்: தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று காய்கிறது. இன்னும் சூடேறினால் முத்தாக உருண்டோடுகிறது. அதிகச் சூட்டில் சீக்கிரம்தானே காய வேண்டும், தம்பி?

கல் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் கதை மாறுகிறது, அக்கா. துளியின் அடிப்பக்கம் உடனே ஆவியாகி, ஒரு மெல்லிய ஆவிப்படலமாக மீதித் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கிறது. இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் நீராவி வெப்பத்தைக் கடத்துவது தண்ணீரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் துளி ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கும். 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விரிவாக எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் துளி விட்டு, ஊசல் வைத்து நேரம் பார்த்தார். முதல் துளி அரை நிமிடம் நின்றது. கரண்டி ஆற ஆற, அடுத்தடுத்த துளிகள் சீக்கிரமே காய்ந்தன.

தோசைக்கு? சுர்ரென்று காயும்போதே மாவை ஊற்றுங்கள். உருண்டோடினால் தீயைக் குறையுங்கள்.

புதிதாகக் குடும்பம் தொடங்கியவர், பொங்கோல்: நான்ஸ்டிக் சட்டியிலும் தண்ணீர் முத்தாக நிற்கிறதே, அண்ணே. சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தப் பூச்சில் ஆறிய தண்ணீரும் முத்தாகத்தான் நிற்கும். டெஃப்லான் தண்ணீரை ஒட்டவிடாத பொருள். அதற்குச் சூடே தேவையில்லை. எவர்சில்வர் சட்டி காய்ந்துவிட்டதா என்று துளி விட்டுப் பார்க்கும் சோதனையை இதில் செய்து, முத்து ஓடட்டும் என்று வெறும் சட்டியைக் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 260 டிகிரிக்கு மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும். இந்தச் சட்டிக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: நீர் ஒட்டாத பரப்பு சூடாகவும் இருந்தால் என்ன ஆகும், சார்?

நல்ல கேள்வி, இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாதாரண உலோகம் ஆறும்போது ஒரு கட்டத்தில் ஆவிப்படலம் கிழிந்து, தண்ணீர் உலோகத்தைத் தொட்டுவிடும். அப்போது கொதிப்பு குபீரென்று வெடிக்கும். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கும் பட்டறைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். 2012இல் வெளியான ஒரு ஆய்வில், தாமரை இலை போல நீரை விலக்கும் பூச்சு கொடுத்த எஃகு உருண்டைகளைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார்கள். வெடிப்பே இல்லை! உருண்டை 100 டிகிரி வரை ஆறியும் படலம் கிழியவில்லை. பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் தண்ணீர் நுழைய முடியாததால், ஆவி அங்கேயே தங்குகிறது. நீரை விரும்பும் பரப்பில் இதற்கு நேர்மாறு: படலம் நிலைக்க இன்னும் அதிகச் சூடு வேண்டும்.

அதே மாணவர்: துளியை நாம் நினைத்த பக்கம் ஓட்ட முடியுமா?

முடியும். ரம்பப் பல் போல ஒருபக்கம் சாய்ந்த வரிகளை உலோகத்தில் வெட்டிச் சூடாக்கினால், ஆவி ஒரே பக்கமாக வெளியேறித் துளியையும் இழுத்துப் போகும். லேசான மேட்டில்கூட ஏறும். 2006இல் இதைச் செய்து காட்டினார்கள்.

பிடோக், ஒருவர்: காய்ந்த எண்ணெயில் துளி விட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம்; அடியில் போய் ஒரேயடியாக ஆவியாகி, எண்ணெயை முகத்தில் தெறிக்கவிடும்.