முந்திரிக்கொத்து – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறேன். ஏழு வருடம் கழித்துப் போன கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்திருந்தேன். மகனுக்கு ஆறு வயது, நான் பார்த்ததை அவனும் பார்க்கட்டும் என்றுதான் லீவே எடுத்தேன். வீட்டில் கடையில் வாங்கிய முந்திரிக்கொத்துப் பலகாரம் டப்பாவில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் ஸ்டார். குடில்கூட மடக்கி வைக்கிற மாதிரி ரெடிமேடாக வாங்கியது. கேரல் பார்ட்டி டெம்போவில் வந்து, ஸ்பீக்கரில் இரண்டு பாட்டுப் போட்டு, கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அம்மாவிடம் கேட்டால், “இப்ப ஆரு மக்களே இதெல்லாம் செய்யுகா?” என்கிறாள். நம் பழக்கங்களை நாமே ஏன் கைவிட்டோம் சார்?

இந்த வருடம் லீவு இல்லை. இங்கேயே மகனுக்கு ஒரு குடில் வைத்துக் காட்ட வேண்டும். குடிலுக்கென்று தேங்காய்ச் சிரட்டையில் புல் முளைக்க வைப்போமே, அதை பிளாட்டில் எப்படிச் செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.)

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை வாசித்ததும் உட்கார்ந்து இரண்டு பக்கம் ஏங்கி எழுதினேன். சிறுபயறு வறுபடும்போது விளை (வீட்டைச் சுற்றிய தோட்டம்) முழுக்கப் பரவும் மணம், கருப்பட்டிப் பாகு பதம் வரும்வரை அடுப்பைச் சுற்றி நிற்கிற நாங்கள், மூன்று மூன்று உருண்டையாக மாவில் முக்கி எண்ணெயில் விடுவது, எல்லாம் அதில் இருந்தது. முந்திரிக்கொத்தில் ஒரு அண்டிப்பருப்புகூட, அதாவது முந்திரிப்பருப்புகூடக் கிடையாது, ஒட்டிக்கொண்ட உருண்டைகள் முந்திரிப்பழக் குலை மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்றும் ஒரு பத்தி. (வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சை என்று சொன்னால்தான் புரியும்.)

ஒரு கணக்கு மட்டும் சரியாக நினைவில்லை. எத்தனை படி பயறு வறுப்போம் என்று கேட்க அக்காவுக்குப் போன் போட்டேன்.

“வறுப்போமா? நீ எப்ப வறுத்தே?” என்றாள்.

அப்புறம் அரைமணி நேரம் அவள்தான் பேசினாள். நாலு படி. வறுத்தது அவளும் அம்மாவும் மாமியும். திருவையில் உடைத்து, முறத்தில் புடைத்து, தொலி போக்கி, மறுபடி இடித்ததும் அவர்கள்தான். அச்சுமுறுக்குக்குத் தனியாக அரிசி இடிக்க வேண்டும். இருபதாம் தேதி தொடங்கினால் இருபத்திநாலு ராத்திரிவரை அடுக்களையைவிட்டு வெளியே வர முடியாது. விடிகாலை நாலு மணி ஆராதனைக்குப் புதுத்துணி உடுத்துப் போய் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும். “கல்யாணம் ஆகிப் போறவரைக்கும் ஒரு கிறிஸ்மஸ் பிரசங்கமும் நான் முழுசாக் கேட்டதில்லே கேட்டியா” என்றாள். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று அவளுக்கு உண்டு. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், எப்படி வந்தது என்று கேட்டதே இல்லை. இப்போது அவள் வீட்டிலும் கடைப் பலகாரம்தான். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

எழுதிய இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டீர்கள் அல்லவா, ஏன் இப்படி ஆயிற்று என்று? கோபப்படாதீர்கள், அதற்குப் பதில் நீங்கள்தான். பாகு கிண்டியிருக்க வேண்டிய கை மஸ்கட்டில் டிரிப் போட்டுக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் 1819-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்துவிட்டார்கள். நெய்யூரில் மிஷனின் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். அன்றைக்கு ஆரம்பித்தது, ஒரு வீட்டில் நாலு பெண்கள் ஐந்து நாள் அடுப்படியில் கிடக்க ஆள் இல்லாத இன்றைய நிலையில் வந்து நிற்கிறது. எனக்கு இதில் குறை சொல்ல மனசில்லை. ஆண்பிள்ளைகள் அந்தத் திருவையைத் தொட்டிருந்தால் பலகாரமும் வீட்டிலேயே நின்றிருக்கும். நாங்கள் தொடவில்லை. ஓலைப்பெட்டியிலிருந்து திருடித் தின்றோம், இப்போது ஏங்குகிறோம்.

கேரல் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். தலையில் பெட்ரோமாக்ஸ், கழுத்தில் கட்டித் தொங்கும் ஆர்மோனியம், ஒரு டிரம். ராத்திரி பத்துக்குக் கிளம்பினால் வயல்வரப்பும் ரப்பர் விளையும் ஏறி இறங்கி விடியும்போது திரும்புவோம். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கட்டன்காப்பி கிடைக்கும். நாய்கள் வேறு. பாட்டு சுமார்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒற்றையடிப் பாதையில் ஏறி, தனியாக இருக்கிற கிழவி வீட்டு முற்றத்திலும் நின்று பாடினோம். டெம்போ ஏறாத விளைகளில் இருக்கிற வீடுகளுக்கு இப்போது கேரல் இல்லை, ஸ்பீக்கர் சத்தம் மட்டும் கீழே ரோட்டிலிருந்து வருகிறது. எங்கள் சபை இளைஞர்களிடம் இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். “நடக்க ஆள் இல்ல சார்” என்கிறார்கள்.

இதெல்லாம் கடற்கரையைவிட்டுத் தள்ளி இருக்கிற உள்நாட்டுக்காரர்களின் கவலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை ஊர்கள் பக்கம் போய் யாரிடமும் ‘உங்கள் கிறிஸ்மஸ் எப்போது மாறியது’ என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு அதற்குத் தேதியே இருக்கிறது: 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு 25-ல் கேக், 26-ல் கல்லறையில் மெழுகுதிரி, இரண்டும் சேர்ந்ததுதான் பண்டிகை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையில் கடலுக்குப் போனவர்கள் திரும்பிவரக் காத்திருந்த பல வீடுகளில் அந்த டிசம்பரில் ஸ்டார் ஏற்றவில்லை. பிளாஸ்டிக் ஸ்டாரா, மூங்கில் பொளியில் வண்ணத்தாள் ஒட்டியதா என்கிற வழக்கெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, புல். நாங்கள் நெல்லும் கேப்பையும் போடுவோம். உங்களுக்குக் கோதுமை போதும், முழுக்கோதுமையாகப் பார்த்து வாங்குங்கள். டிசம்பர் 14 வாக்கில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி வையுங்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் சிரட்டையில் மண் போட்டு நெருக்கமாகத் தூவுங்கள். சிரட்டை கிடைக்காவிட்டால் தயிர் டப்பாவில் அடியில் இரண்டு ஓட்டை போட்டால் ஆயிற்று. தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும். ஏசிக் காற்று நேரே படாத ஜன்னலோரம் நல்லது. இருபத்திநாலாம் தேதிக்கு நாலு விரல் உயரம் வந்துவிடும். தண்ணீர் தெளிக்கிற வேலையை மகனிடம் விடுங்கள், ஆண்பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள்.