"இதுல ஒண்ணுமே இல்லடா"

வணக்கம் அண்ணா,

நானும் என் ஃப்ரெண்டும் காலேஜ் முடிச்சதுலேர்ந்து ஒண்ணாவே கேமராவ தூக்கிட்டு சுத்துறோம், ஞாயித்துக்கிழமைன்னா எங்கயாச்சும் கிளம்பிடுவோம். போன ஆடில அந்தியூர் குதிரைச் சந்தைக்கு போனப்ப அவன் ஒரு படம் எடுத்தான், ஒரு வயசான வியாபாரி, பக்கத்துல வெள்ளக் குதிரை. அதுக்காக மூணு மணி நேரம் வெயில்ல நின்னான். ஆசையா வந்து காட்டுனப்ப நான் "இதுல ஒண்ணுமே இல்லடா"ன்னு சொல்லிட்டேன். எங்ககூட வர்ற மத்தவங்க எந்தப் படத்தப் பாத்தாலும் "செம, வேற லெவல்"னுதான் சொல்லுவாங்க, எனக்கு அப்படி சொல்ல வராது. அன்னிலேர்ந்து அவன் படம் காட்டுறதே இல்ல. உண்மைய சொன்னது தப்பாண்ணா?

எஸ்., கோபி

அன்புள்ள எஸ்.,

உண்மைய சொன்னது தப்பில்ல. ஆனா நீங்க சொன்னது உண்மைதானான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. படத்துல ஒரு பெரியவர் இருக்கார், வெள்ளக் குதிரை இருக்கு, இத்தன மாசம் கழிச்சும் அத ஞாபகம் வெச்சு எனக்கு எழுதியிருக்கீங்க, அப்புறம் எப்படி அதுல "ஒண்ணுமே இல்ல"? உங்களுக்குப் புடிக்கல, அதத்தான் அப்படி சொல்லியிருக்கீங்க. அது தீர்ப்பு. அத வெச்சுக்கிட்டு உங்க ஃப்ரெண்டு அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவார்? எங்க தள்ளி நிக்கணும், எத ஃப்ரேம விட்டு வெளிய தள்ளணும்னு அதுல ஒரு வார்த்தை இல்லையே. "செம"ன்னு சொல்றவங்க கிட்டயும் அதே குறைதான், அதுலயும் அவருக்கு எடுத்துக்க எதுவும் இல்ல.

எனக்கு இது புரிஞ்சது ஒரு பெரியவர் கிட்டத்தான். ஃபிலிம் காலத்துலேர்ந்து ஸ்டுடியோ வெச்சிருந்தவர், கல்யாணம் காதுகுத்துன்னு எடுத்தே பிள்ளைங்கள படிக்க வெச்சவர். நான் காசிமேட்டுல விடியக்காலைல எடுத்த ஒரு படத்த பெருசா பிரிண்ட் போட்டு அவர் கிட்ட எடுத்துட்டு போனேன். மீன் ஏலம் நடக்குது, நடுவுல ஒரு அம்மா கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு விலை கேக்குறாங்க, அந்த மாதிரி ஒரு முகத்துக்காக நாலு வாரம் தொடர்ந்து போயிருந்தேன். அவர் ரொம்ப நேரம் பாத்தார், நல்லாருக்குன்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல. அப்புறம் கட்டைவிரல எடுத்து படத்தோட வலதுபக்க மேல் மூலைய மூடுனார். "இப்ப பாரு." விரல எடுத்தார். "இப்ப பாரு." அந்த மூலைல ஒரு மஞ்ச பிளாஸ்டிக் கேன் இருந்துச்சு, பல்பு வெளிச்சம் நேரா அதுமேல விழுந்து மொத்த படத்துலயும் பளிச்சுன்னு இருக்குறது அதுதான். மூடுனா கண்ணு அந்தம்மா முகத்துல நிக்குது, விரல எடுத்தா ஓடிப்போயி கேன்ல உக்காருது. அந்தப் படத்த எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அந்தக் கேன ஒருநாளும் பாத்ததில்ல.

நான் உடனே ஆரம்பிச்சேன், சார் அன்னிக்கு நகரவே எடமில்ல, கால்ல ஐஸ் தண்ணி, ஒரு செகண்டுதான் கெடச்சுது, அப்படின்னு. அவர் "அதெல்லாம் உனக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாதே"ன்னார்.

எடுத்தவருக்கு படத்தோட சேத்து அந்த நாளும் தெரியுது, அந்த வெயில், அந்த காத்திருப்பு, கடைசில கெடச்சப்ப வந்த சந்தோஷம் எல்லாம். நியூயார்க் தெருக்கள எடுத்த கேரி வினோகிராண்ட் இதுக்காகவே எடுத்த ஃபிலிம ஒரு வருஷம், சிலது அதுக்கும் மேல, கழுவாமலே போட்டு வெச்சிருப்பார், எடுத்த அன்னிக்கு இருந்த மனசு தேர்ந்தெடுக்கறப்ப குறுக்க வரக்கூடாதுன்னு. நாம மெமரி கார்ட டீக்கடைலயே பாத்துடுறோம். அந்த ஒரு வருஷ தூரத்த நமக்கு ஒடனே குடுக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டுதான். நீங்க அந்தியூர்ல கூடவே இருந்தாலும் அந்த மூணு மணி நேரம் வலிச்சது உங்க கால் இல்ல, அதனாலதான் அவருக்கு உங்க கண்ணு தேவப்படுது.

தீர்ப்பு தப்பாவும் போகும், அதயும் சொல்லணும். ராபர்ட் ஃப்ராங்க்னு ஒரு ஃபோட்டோகிராஃபர் கார்ல அமெரிக்கா முழுக்க சுத்தி எடுத்த 83 படம் 'தி அமெரிக்கன்ஸ்'னு 1958ல பாரிஸ்ல புத்தகமா வந்துச்சு, மறுவருஷம் அமெரிக்காலயும் வந்துச்சு. பாப்புலர் ஃபோட்டோகிராஃபி பத்திரிகைல ஒருத்தர் மங்கலா இருக்கு, கிரெயின்னு சொல்ற புள்ளிப்புள்ளி, கலங்குன எக்ஸ்போஷர், ஹொரைசன், அதான் அடிவானக் கோடு, குடிகாரன் மாதிரி சாஞ்சு கெடக்குதுன்னு எழுதுனார். இன்னிக்கு அந்தப் புத்தகத்த எடுத்துப் பாத்தா அவர் சொன்னது நெறைய அதுல இருக்கத்தான் செய்யுது, கிரெயின் இருக்கு, சாய்வு இருக்கு. கண்ணு சரியாத்தான் பாத்துச்சு, அது குறைன்னு முடிவு கட்டுனதுதான் நிக்கல. அதனால பாத்தத சொல்லிட்டு முடிவ எடுத்தவர் கிட்டயே விட்டுடுறது நல்லதுன்னு நான் நெனக்கிறேன்.

நாய்ஸ் ஜாஸ்தி, அதாவது புள்ளிப்புள்ளியா இருக்கு, ஷேக் ஆயிருக்கு, ஹைலைட் போயிடுச்சு, அதாவது வெளிச்சமான எடம் வெறும் வெள்ளையாயிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்துறவங்களும் நெறைய பேர், அதெல்லாம் தேவதான், ஆனா அது கேமராவப் பத்தின பேச்சு. என் கண்ணு மொதல்ல எங்க போச்சு, எங்க மாட்டிக்கிச்சு, எத தேடுனேன் கெடைக்கல, இதத்தான் கேக்குறவர் வீட்டுக்கு எடுத்துட்டு போவார். அப்புறம் ஒண்ணு, காட்டுற எல்லாரும் விமர்சனம் கேட்டு காட்டுறதில்ல. பாட்டியோட கடைசி படத்த ஒருத்தர் காட்டுனா பாட்டியப் பத்தி கேளுங்க, லைட்டிங் பத்தி வேண்டாம்.

உங்க படத்த அடுத்தவர் பேசறப்ப வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டம், எனக்கு இன்னிக்கும் கஷ்டம். கதைய மொதல்லயே சொல்லிட்டா அவங்க படத்தப் பாக்க மாட்டாங்க, உங்க கதையத்தான் பாப்பாங்க. ஒருத்தர் சொன்னா யோசிங்க, தனித்தனியா மூணு பேர் ஒரே எடத்த காட்டுனா அங்க கண்டிப்பா ஒரு கேன் இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களே அவர் வீட்டுக்கு போங்க. மொதல்ல உங்க படம் ஒண்ண காட்டுங்க, உங்களுக்கு ரொம்பப் புடிச்சதா இருக்கட்டும், அவர் பேசி முடிக்கிற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க. அப்புறம் அந்தக் குதிரப் படத்த இன்னொரு தடவ காட்டச் சொல்லிக் கேளுங்க. அவருக்கு சம்மதம்னா எனக்கும் அனுப்புங்க, அந்தப் பெரியவர் முகத்த நானும் பாக்கணும்.