வெள்ளிதான், ஆனால் அந்த ரூபாய் இல்லை

சேலத்திலும் ஏற்காட்டிலும் சந்தையில் பழைய காசு வாங்கி ஏமாந்தவர்களும், வாங்கலாமா என்று தயங்குகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. முப்பது வருடத்துக்கு மேலாக வெள்ளி ரூபாயும் செப்புக் காசும் சேர்த்து வருகிறேன். கைபட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி நண்பர்: அண்ணா, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று வாங்கினேன். செவ்வாய்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மாமா உரைத்துப் பார்த்து, நல்ல வெள்ளி என்றார். அப்போ ஒரிஜினல்தானே?

வெள்ளி என்பது மட்டும் நிச்சயம். நம் ஊர் கொலுசு ஊர். தெருவுக்கு ஒரு பட்டறை, வீட்டுக்கு ஒரு வெள்ளி தெரிந்தவர். அதனாலேயே இங்கே பலர் உரைகல்லை நம்பி ஏமாறுகிறார்கள். உரைகல் உலோகத்தைச் சொல்லும். காசு எந்த அச்சில் அடித்தது என்று சொல்லாது. அபூர்வமான வருடத்துக் காசாக இருந்தால், போலி செய்கிறவன் நல்ல வெள்ளியையே போட்டு அடித்து, வெள்ளி விலையைப் போலப் பல மடங்குக்கு விற்றுவிட முடியும்.

முதலில் எடை போடுங்கள். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அகலம் முப்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கைமாறித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தேய்மானத்தில் எடை குறையும், ஏறாது. 12 கிராம் காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேய்மானமே இல்லாத புதுக் காசு மாதிரி இருந்து 10.8 காட்டினாலும் அப்படித்தான்.

அப்புறம் விளிம்பு. காசை நிறுத்திப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். பல்வெட்டு, அதாவது விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்ன வெட்டுகள், ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் மெல்லிய கோடோ, அதை அரம் வைத்துத் தேய்த்த தடமோ தெரிந்தால் அது அச்சில் அடித்ததல்ல, உருக்கி வார்த்த போலி. அடுத்து பத்து மடங்கு லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். அச்சில் அடித்த எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். வார்த்த எழுத்து மழைத் தூறல் பட்ட கோலம் மாதிரி ஓரம் கரைந்திருக்கும், சுற்றிலும் ஊசி முனை அளவு குழிகள் இருக்கும்.

ஒன்று மட்டும், இனிமேல் காசை உரைக்கக் கொடுக்காதீர்கள். உரைத்த தடம் விளிம்பில் நின்றுவிடும். சேகரிப்பவர் அதைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார்.

அம்மாப்பேட்டை வாசகி: இவ்வளவு தெரிந்த நீங்களே ஏமாந்தது உண்டா?

உண்டு. 1939 வெள்ளி ரூபாயில் ஏமாந்தேன். 1940 முதல் வெள்ளியைப் பாதியாக, 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பழைய தரத்தில் வந்த கடைசி வருடம் 1939. அது மிகக் குறைவாகவே கிடைக்கிறது. 1938 தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு மாலை, கடை கட்டும் நேரத்தில், தெரிந்த வியாபாரி ஒருவர் 1939 என்று நீட்டினார். எடை சரி, வெள்ளி சரி, விளிம்பு சரி. கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கினேன்.

மறுநாள் காலை வாசல் வெயிலில் லென்ஸ் வைத்தேன். முன்னால் இருக்கும் 9-க்கும் கடைசி 9-க்கும் உருவம் ஒத்துப்போகவில்லை. கடைசி எண்ணின் கீழ்ச்சுழியில் இடப்பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு சின்னப் பள்ளம், அதைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள். 8-ன் கீழ்ச்சுழியைச் சுரண்டி 9 ஆக்கியிருக்கிறார்கள். காசு முழுக்க அசல், ஒரு இலக்கம் மட்டும் பொய். திருப்பிக் கொடுக்கப் போனபோது, 'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்றார். அன்றிலிருந்து மாலை வெளிச்சத்தில் நான் விலை உயர்ந்த காசு வாங்குவதில்லை. எண்களைத் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆத்தூரிலிருந்து: புலி போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று விற்கிறார்கள். உண்மையா?

இல்லை. அது நிக்கல். காந்தத்தைக் காட்டினால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது. ஐந்து ரூபாய்க் காந்தம் போதும். ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். பெயரில் மட்டும் வெள்ளி இருக்கும் ஜெர்மன் சில்வர் கலவையும் ஒட்டாது. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி என்பதையும் மனதில் வையுங்கள். முழு வெள்ளி விலை கேட்பவரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஏற்காடு, ஒண்டிக்கடை: ஏரிப் பக்கம் ஒருவர் துணி விரித்துக் காசு விற்றார். எஸ்டேட் துரை பங்களாப் பெட்டியில் இருந்தது என்று சொல்லி, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசு ஒன்றைக் காட்டினார். இரண்டாயிரம் கேட்கிறார்.

வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. ராமர், அனுமன், லட்சுமி என்று பல படங்களில், 1616, 1717, 1818 என்று வாய்க்கு வந்த வருடங்களில் இவை நாடு முழுக்க விற்கின்றன. பட்டாபிஷேகம் போட்ட பழைய கோயில் வில்லைகள் உண்டு. அவை பூஜைக்கு வைத்தவை, செலாவணி இல்லை. அவற்றில் கம்பெனி பெயரும் இருக்காது.

சென்னை மாகாணத்துக்குக் கம்பெனி வரவழைத்த அசல் செப்புக் காசு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 1803, 1808 ஆண்டுகளில் வந்த பத்துக் காசு, இருபது காசு. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இங்கிலாந்தில் பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் வந்தவை. அப்படி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கிவிட்டது. பின்னாளில் அதிலிருந்து எடுத்த காசுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அதனால் இவை கிடைக்காத பொருளும் இல்லை.

ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் காலத்துக் காசு என்றும் சொல்வார்கள். மலையில் இருந்தது துரைகள் என்பது உண்மை. அந்தப் பெட்டி உண்மையா என்பதற்கு எந்த அத்தாட்சியும் உங்கள் கைக்கு வராது. பெட்டிக் கதைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

சங்ககிரி: யானை போட்ட திப்பு காசு எங்கள் பக்கம் கிடைக்கிறது. பச்சையாக இருந்தால் பழசு என்று நம்பலாமா?

1792 வரை சேலம் பக்கம் ஹைதர், திப்பு கையில் இருந்ததால் அந்தச் செப்புக் காசு இங்கே கிடைப்பது இயல்புதான். ஆனால் பச்சையை நம்பாதீர்கள். உண்மையான களிம்பு செம்போடு ஒன்றாக இறுகிப் போயிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. ரசாயனம் ஊற்றி இரண்டு வாரத்தில் ஏற்றிய பச்சை, ஈர விரலால் தேய்த்தாலே மாவு மாதிரி ஒட்டும், உள்ளே செம்பு பளபளக்கும். எல்லாப் பள்ளத்திலும் ஒரே நிறமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். திப்புவின் பிற்காலக் காசுகளில் ஆண்டு எண் வலமிருந்து இடமாகப் போகும். திப்பு தானே வைத்த ஆண்டுக் கணக்கில் 1224 என்பது 4221 என்று எழுதியிருக்கும். அதைத் தவறு என்று நினைத்து நல்ல காசை விட்டுவிடாதீர்கள்.

எடப்பாடி: அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்கிறார்கள். லட்சக்கணக்கில் போகுமாம்.

சுத்த மோசடி. அரிசியில் இரும்புத் தூளும் காசுக்கடியில் காந்தமும் இருந்தால் எந்தக் காசும் இழுக்கும். சொல்கிறவரோடு உட்கார்ந்து பேசக்கூட வேண்டாம்.

கொண்டலாம்பட்டி: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் என்னிடம் இருக்கிறது. ஐந்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள் அம்மா. அது சாதாரணப் புழக்கக் காசு. வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். நீங்கள் எதற்குக் கட்ட வேண்டும்? ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே வரி, கமிஷன் என்று கறந்தார்கள். அதனால் 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே, பழைய நோட்டு, காசு விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அறிவித்தது. ஏற்கனவே கட்டியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

வாழப்பாடி: கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று மண்ணோடு ஒரு பானைக் காசு கொண்டு வந்தார்கள். மலிவாகக் கேட்கலாமா?

அவர் சொல்வது பொய்யானால் நீங்கள் ஏமாறுவீர்கள். உண்மையானால் இன்னும் சிக்கல். 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எனக்கு இதில் சட்டத்தைவிட வேறொரு வருத்தம் உண்டு. ஒரு பானையில் எந்தெந்தக் காசு சேர்ந்து கிடந்தது என்பதே நம் மாவட்டத்து வரலாறு. பத்துப் பேர் பிரித்து வாங்கிவிட்டால் அது திரும்ப வராது. தாசில்தாரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அழகாபுரம்: சந்தையில் வியாபாரியை எப்படி எடை போடுவது?

சட்டைப் பையில் அடங்கும் சின்னத் தராசை எடுத்து வையுங்கள். நேர்மையானவர், 'போட்டுப் பாருங்க' என்பார். மற்றவர் முகம் சுளிப்பார், 'நம்பிக்கை இல்லைனா விடுங்க' என்பார். அந்த இடத்தில் ஒருவர் திடீரென்று வந்து, 'நான் ஐந்நூறு சேர்த்துத் தரேன்' என்று அவசரப்படுத்தினால், பெரும்பாலும் அவர் கூட்டாளி. நிதானமாக நகர்ந்துவிடுங்கள். பெயர், போன் எண், 'போலியென்றால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்' என்ற ஒரு வரி, இவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருபவரிடம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தே வாங்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மேட்டூர், பதினொன்றாம் வகுப்பு மாணவர்: கையில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது ஐயா. எதில் தொடங்கலாம்?

ஓட்டைக் காலணாவில் தொடங்குங்கள் தம்பி. 1943 முதல் 1947 வரை வந்தது, நடுவில் ஓட்டை போட்ட வெண்கலக் காசு. போரில் செம்பு தட்டுப்பாடானபோது உலோகத்தை மிச்சப்படுத்த ஓட்டை போட்டார்கள். விலை குறைவு என்பதால் போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. ஐந்து வருடத்தையும் சேருங்கள். புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்த்துவிடாதீர்கள். பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். மிச்சப் பணத்தில் ஒரு லென்ஸ் வாங்கி, அந்த ஐந்து காசின் எழுத்தையும் தினமும் பத்து நிமிடம் பாருங்கள். ஆறு மாதம் கழித்து வெள்ளி ரூபாய் வாங்கப் போகும்போது எனக்குச் சொல்லுங்கள், காலையிலேயே சேர்ந்து போகலாம்.