அசனத்தில் பாத்திரம் கழுவுவது யார்?

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியை. சாத்தான்குளம் வட்டாரத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. வருஷா வருஷம் பிரதிஷ்டை பண்டிகையின் கடைசி நாள் அசனம், அதாவது சபையார் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பொதுப் பந்தி, வைப்போம். முந்தின ராத்திரி பெண்கள் எல்லாரும் கோவில் வளாகத்தில் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டே காய் வெட்டுவோம். ஆண்கள் தரையில் அடுப்பு வெட்டி, விடியுமுன் உலை வைப்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டுவதை வேடிக்கை பார்க்கவே பிள்ளைகள் கூடும். மேலத்தெருக்காரர்கள் விறகு கொண்டுவருவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். இப்போது சங்கத்தில் பெயர் இருப்பது 140 குடும்பம். ஊரில் இருப்பது 70 சொச்சம். மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, துபாய். காணிக்கை ஜிபேயில் வருகிறது, அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, ஆள்தான் வருவதில்லை. இந்த வருஷம் அசனத்தைக் கேட்டரிங்கில் கொடுத்துவிடலாம், தலைக்கு 120 ரூபாய் என்று வாலிபர் சங்கச் செயலாளர் கமிட்டியில் சொல்ல, பாதிப்பேர் தலையாட்டிவிட்டார்கள். அவன் மேலத்தெருப் பையன், என்னிடம் படித்தவன். "வெட்ட, கிண்ட ஆள் ஏது?" என்று கேட்கிறார்கள். ஒரு தாய் பிள்ளைகளாக இருந்த சபை என் கண் முன்னாலேயே கலைகிறது. இதை எப்படித் தடுப்பது?

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் எனக்கும் தொண்டை அடைத்தது. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். காய் வெட்டுகிற ராத்திரியில் யாரோ ஒருவர் கீர்த்தனையைத் தப்பான ராகத்தில் எடுக்க, ஐயரம்மா (போதகரின் மனைவி) அரிவாள்மனையை விட்டு நிமிராமலே அதைத் திருத்துவார். அதெல்லாம் 120 ரூபாய்க்குள் வராதுதான்.

இரண்டாம் தரம் படிக்கும்போது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. மேலத்தெருக்காரர்கள் விறகும் பாத்திரமும் பார்த்துக்கொள்வார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கிண்டியது யார்? பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? காய் வெட்ட உட்கார்ந்த "பெண்கள் எல்லாரும்" என்பதில் மேலத்தெருப் பெண்கள் உண்டா?

சாதிப் பெயர் எதையும் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. நம்ம பக்கத்துச் சபைகளில் தெருப் பெயரைச் சொன்னாலே போதும், மிச்சம் தானாகப் புரிந்துவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களை மட்டும் கூண்டில் ஏற்றினதுபோல ஆகிவிடும். நான் வளர்ந்த சபையில் ஓய்வுநாள் பள்ளியில் என் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள். மனப்பாட வசனத்தில் அவளை நான் ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. அசனத்தன்று நாங்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஆலமரத்தடியில் விளையாடிக்கொண்டிருப்போம். நாலு பந்தி முடிந்து, இலையெல்லாம் எடுத்த பிறகு, அவள் அம்மா சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவள் பக்கத்தில் தூக்குவாளியோடு நிற்பாள். மிஞ்சின சோறு அதில் விழ வேண்டும். நான் அந்தப் பக்கம் போனால் வாளி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை, டீச்சர். "இந்த வருஷம் அசனம் எவ்வளவு ஒற்றுமையா நடந்துச்சு" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். நாங்கள் மனசாரத்தான் சொன்னோம்.

இப்போது உங்கள் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். கேட்டரிங்காரர் வந்தால் அவர் ஆட்களே சமைப்பார்கள், அவர்களே பரிமாறுவார்கள், அண்டாவையும் அவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் ஊரில் முதல்தடவையாக அசனத்தன்று அவன் அம்மா எல்லாரையும்போலச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவன் மனசில் அதுதான் ஓடுகிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஒருவேளை வேலை மிச்சம் என்று மட்டும் நினைத்திருக்கலாம். ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தால், தலைக்கு 120 ரூபாய் என்பதை மலிவு என்றே சொல்வேன்.

அந்தத் தெருவைப் பற்றி நான் நினைப்பது சரியென்றால், அவனுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. நம் மாநிலத்தில் அவர்களுக்குக் கிடைப்பது பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ்தான். ஞானஸ்நானம் பெற்றவனுக்குச் சாதி கிடையாது என்று சர்க்கார் காகிதம் அவனிடம் சொல்கிறது. கோவில் அடுப்படி வேறு சொல்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிற பையன் வாலிபர் சங்கச் செயலாளராக வந்து நிற்கிறானே, அதை நினைத்துப் பாருங்கள். அவன் சபையைக் கலைக்க வந்தவனாக எனக்குத் தெரியவில்லை.

ஆள் இல்லை என்கிறார்களே, அதையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். சென்னைக்கும் துபாய்க்கும் யார் முதலில் போயிருப்பார்கள்? படிக்கவும் பஸ் ஏறவும் முதலில் வசதிப்பட்டவர்கள். மிச்சம் இருக்கிற 70 சொச்சத்தில் மேலத்தெரு வீடுகள் எத்தனை? பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் கணக்கு. வெட்டவும் கிண்டவும் கைகள் ஊரிலேயே இருக்கின்றன, டீச்சர். அந்தக் கைகளில் நாம் இதுவரை அகப்பையைக் கொடுத்ததில்லை.

ஆதிச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பே சாப்பாட்டு விஷயம்தானே. வேதாகமத்தில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எனக்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்வதில், எங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சபையில் கிரேக்க மொழி பேசினவர்கள் பக்கத்திலிருந்து புகார் வந்தது. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்! இந்தப் பகுதியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பெயர்ப் பட்டியலில் மட்டும் யாரும் நின்றதில்லை.

சரி, என்ன செய்யலாம்? கமிட்டியில் இதைக் கிளப்பாதீர்கள். அங்கே போனால் இது தீர்மானமாகிவிடும், அப்புறம் சேகரகுரு ஐயா (சபையின் போதகர்) இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தவே வருஷம் போய்விடும். முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். காபி கொடுப்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. அது எதற்குச் சொல்கிற வார்த்தை என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உட்கார்ந்து குடித்துவிட்டு, "கேட்டரிங் ஏன் வேணும்னு நெனச்ச?" என்று கேளுங்கள். அவன் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். 30 வருஷம் வகுப்பெடுத்தவர்களுக்கு இது கஷ்டம், தெரியும்.

அப்புறம் அவனையும் அவன் அம்மாவையும் கலந்துகொண்டு இப்படி ஒரு யோசனை வைத்துப் பாருங்கள். காய் வெட்ட, கிண்ட, பரிமாற, பாத்திரம் கழுவ என்று வேலைகளைப் பிரித்து, ஊரில் இருக்கிற எல்லா வீட்டுப் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலனாக மத்தியாவைத் தெரிந்தெடுத்ததே சீட்டுப்போட்டுத்தான் என்பதால் கோவிலில் இதை யாரும் சூதாட்டம் என்று சொல்ல முடியாது. கமிட்டித் தலைவர் வீட்டுக்கு அண்டா கழுவுகிற சீட்டு விழுந்தால் அவர் வீட்டார்தான் கழுவ வேண்டும். கூலிக்கு ஆள் அனுப்பக்கூடாது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கூலியும் மேலத்தெருவுக்கே போய்ச் சேரும்.

எதிர்ப்பு வரும். முதலில் உங்கள் சொந்தக்காரர்களிடமிருந்தே வரும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு போக வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்குக் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமான பேர் சபையை விட்டே போனார்கள். உங்கள் ஊரில் அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள். காலம் மாறிவிட்டதல்லவா, இப்போது சர்க்கரை வியாதி வரும். "எனக்கு சுகர், வீட்டிலேயே சாப்பிட்டுக்கிறேன்", "டாக்டர் வெளிச்சாப்பாடு கூடாதுன்னுட்டார்" என்று அன்றைக்குப் பார்த்துச் சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். வற்புறுத்தாதீர்கள், பார்சலும் கொடுத்தனுப்பாதீர்கள். அசனம் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு.

மேலத்தெருக்காரர்களே "வேண்டாம் டீச்சர், கேட்டரிங்கே இருக்கட்டும்" என்று சொன்னால்? சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டால் ஓடி வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் கேட்டரிங்குக்கு நீங்களே முதல் ஆளாகக் கை தூக்குங்கள். ஓலைப்பாயும் அடுப்பும் இல்லாமல் ஒரு வருஷம் போகட்டும். பந்தியில் மட்டும் அந்தப் பையன் அம்மாவுக்குப் பக்கத்து இலையில் போய் உட்காருங்கள், முதல் பந்தியிலேயே.

ஜிபே, வாட்ஸ்அப் பற்றிய உங்கள் வருத்தத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. துபாயில் இருக்கிற பிள்ளை காணிக்கையை மறக்காமல் அனுப்புகிறதே, அதுவே பெரிய காரியம். அவர்களை வையாதீர்கள்.

பண்டிகை என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டுப் போடுகிற திட்டம் நடந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என் பெயரையும் குலுக்கலில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து சாத்தான்குளத்துக்கு பஸ் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவேன். அண்டா கழுவுகிற சீட்டு விழுந்தாலும் சரி. தேங்காய் நார் மட்டும் அங்கே எடுத்து வையுங்கள்.